போன் மோசடி: முன்கூட்டியே போட வேண்டிய பூட்டுகளும், பணம் போன பிறகு ஓட வேண்டிய வரிசையும்

"ஜாக்கிரதையா இருங்க" என்பதோடு பெரும்பாலான அறிவுரைகள் முடிந்துவிடுகின்றன. ஆனால் ஏமாந்தவர்களில் ஓய்வுபெற்ற அதிகாரிகள், டாக்டர்கள், சாஃப்ட்வேர் ஆட்கள் என்று எல்லாரும் உண்டு. யாரும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. காய்ச்சலோடு படுத்திருக்கும்போது, பிள்ளையை ஸ்கூலில் விடப் போகும் அவசரத்தில், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது என்று நேரம் பார்த்தது போல போன் வரும். அந்த நேரத்தில் யாருக்கும் ஜாக்கிரதை இருக்காது.

அதனால் இங்கே சொல்லப்போவது வேறு. நாம் அசந்திருந்தாலும் பெரிய தொகை போகாதபடி போனையும் வங்கிக் கணக்கையும் முன்கூட்டியே எப்படிப் பூட்டி வைப்பது, அப்படியும் பணம் போய்விட்டால் யாரிடம் எந்த வரிசையில் போவது என்று பார்ப்போம். முதல் நான்கு படிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடித்துவிடலாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்கள் போனில் முதலில் செய்யுங்கள்.

படி 1: சத்தத்தைக் குறையுங்கள்

கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று நாள் முழுக்க வரும் அழைப்புகளுக்கு நடுவில்தான் மோசடிக்காரனின் அழைப்பும் வருகிறது. முதலில் அந்தக் கூட்டத்தைக் கலைக்க வேண்டும். ஸ்டார்ட் 0 என்று ஆங்கிலத்தில் டைப் செய்து 1909 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், அல்லது அதே எண்ணுக்குப் போன் செய்து சொல்லுங்கள். தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் டிராய் அமைப்பின் டிஎன்டி (தொந்தரவு செய்யாதே) ஆப் வழியாகவும் பதிவு செய்யலாம். இதனால் வங்கி ஓடிபி வருவது நிற்காது, பயப்பட வேண்டாம்.

உண்மையைச் சொன்னால், டிஎன்டி தடுப்பது விதிக்குக் கட்டுப்பட்ட கம்பெனிகளை மட்டும்தான். திருடன் எந்தப் பட்டியலையும் பார்த்துவிட்டுப் போன் செய்வதில்லை. இருந்தாலும் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாளைக்குப் பத்து அழைப்பு வந்த இடத்தில் இரண்டு வந்தால், அந்த இரண்டையும் சந்தேகத்தோடு பார்க்க நேரம் இருக்கும்.

பதிவு செய்த பிறகும் சாதாரண பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து விளம்பரம் வந்தால், அதே ஆப்பில் புகார் கொடுங்கள். 2025இல் விதி மாறியதிலிருந்து இதற்கு 7 நாள் அவகாசம் இருக்கிறது, முன்பு 3 நாள்தான். ஏமாற்றும் நோக்கம் தெரிகிற அழைப்பு, மெசேஜ் என்றால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதி இருக்கிறது, அங்கே சொல்லுங்கள். அதே தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பார்க்கலாம். தெரியாத எண் ஒன்று இருந்தால் 'இது என்னுடையது இல்லை' என்று குறித்துவிடுங்கள்.

எஸ்எம்எஸ் யாரிடமிருந்து வந்தது என்பதைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயர் எழுத்துகளாக இருக்கும். அதன் கடைசியில் கோடு போட்டு ஆங்கில பி, எஸ், டி, ஜி இவற்றில் ஒன்று இருக்கும். வரிசையாக விளம்பரம், சேவை, பரிவர்த்தனை, அரசு என்று அர்த்தம். 'உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது' என்ற செய்தி சாதாரண மொபைல் எண்ணிலிருந்து வந்தால் அதற்கு மேல் படிக்கவே வேண்டாம்.

படி 2: வாட்ஸ்அப்பில் நான்கு மாற்றங்கள்

செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போங்கள். குரூப்ஸ் என்ற இடத்தில் 'மை கான்டாக்ட்ஸ்' என்று வையுங்கள். பங்குச் சந்தையில் தினம் லாபம் காட்டும் குரூப்களில் யார் யாரோ உங்களைச் சேர்த்துவிடுவது இதோடு நிற்கும். அந்தக் குரூப்களில் 'சார், இன்னைக்கு எனக்கு 40,000 வந்துச்சு' என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர்களில் பலர் ஒரே கும்பலின் ஆட்கள். அடுத்து கால்ஸ் என்ற இடத்தில் 'சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ்' என்பதை ஆன் செய்யுங்கள்.

அப்புறம் அக்கவுண்ட் பகுதியில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். ஆறு இலக்க பின் ஒன்று போட்டுவிட்டு, மீட்பதற்கான மெயில் முகவரியையும் கொடுத்துவிடுங்கள். கடைசியாக 'லிங்க்ட் டிவைசஸ்' பட்டியலைப் பாருங்கள். நீங்கள் சேர்க்காத கம்ப்யூட்டர் ஏதாவது அதில் இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்.

தெரிந்தவர் ஒருவரே 'ஒரு கோட் தப்பா உன் நம்பருக்கு வந்துடுச்சு, அனுப்பேன்' என்று கேட்டால், அவர் கணக்கு ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். அனுப்பாதீர்கள். சாதாரண போன் அழைப்பில் அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். உங்கள் கணக்கே பறிபோயிருந்தால், உங்கள் எண்ணைக் கொடுத்து வாட்ஸ்அப்பில் மறுபடி நுழையுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் கோடைப் போட்டதும் மற்றவன் வெளியே தள்ளப்படுவான். அவன் தன் பங்குக்கு ஒரு பின் போட்டு வைத்திருந்தால் நீங்கள் உள்ளே வர 7 நாள் காத்திருக்க வேண்டிவரும். அந்த 7 நாளும் அவனாலும் உங்கள் கணக்கைப் பயன்படுத்த முடியாது என்பதுதான் ஆறுதல்.

மெயிலுக்கும் இதே இரட்டைப் பூட்டு தேவை. எல்லா பாஸ்வேர்டையும் மாற்றும் வழி உங்கள் மெயில்தான் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 3: பணத்தைப் பிரித்து வையுங்கள்

எனக்கு எல்லாவற்றையும்விடப் பயன் தருவதாகத் தெரிவது இந்தப் படிதான். ஆனால் இதைச் செய்கிறவர்கள்தான் குறைவு.

சம்பளமோ ஓய்வூதியமோ வரும் கணக்கை எந்த யுபிஐ ஆப்பிலும் சேர்க்க வேண்டாம். வேறொரு கணக்கு தொடங்கி, மாதச் செலவுக்கான தொகையை மட்டும் அதில் போட்டு, அதையே ஜிபே, போன்பே இவற்றோடு இணையுங்கள். இனி என்ன தவறு நடந்தாலும் யுபிஐ வழியாகப் போவது அந்தச் சின்னக் கணக்கில் இருப்பது மட்டும்தான். காய்கறிக் கடையிலும் டீக்கடையிலும் ஸ்கேன் செய்ய அது போதும்.

பெரிய கணக்கின் ஏடிஎம் கார்டை வங்கி ஆப்பில் திறந்து பாருங்கள். ஆன்லைன் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு, தொட்டுச் செலுத்தும் வசதி இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பொத்தானும் வரம்பும் இருக்கும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 அக்டோபரிலிருந்து எல்லா வங்கியும் இதைத் தர வேண்டும். தேவையில்லாததை அணைத்துவிடுங்கள். வெளிநாட்டுப் பயன்பாடு நம்மில் பெரும்பாலோருக்கு வருடம் முழுக்கத் தேவைப்படாது.

ஆதார் கைரேகையை ஆதார் ஆணையமான யுஐடிஏஐ தளத்திலோ அதன் ஆப்பிலோ பூட்டி வைக்கலாம். கைரேகையை நகலெடுத்து, ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் மோசடி அதோடு அடைபடும். ரேஷன் கடையிலோ சிம் வாங்கும்போதோ விரல் வைக்க வேண்டியிருந்தால் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். ரேஷனுக்கு மாதாமாதம் விரல் வைக்கும் அம்மாவுக்கு இது தொந்தரவாகத்தான் இருக்கும். அவர் கணக்கில் இருக்கும் தொகையைப் பொறுத்து முடிவெடுங்கள்.

யுபிஐ பற்றி வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுதான்: பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போட வேண்டியதில்லை, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவும் வேண்டியதில்லை. பழைய கட்டிலை விற்க விளம்பரம் போட்டவரிடம் 'அட்வான்ஸ் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க' என்று ஒருவன் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

படி 4: ஏபிகே ஃபைலுக்குக் கதவை மூடுங்கள்

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஃபைல் வருகிறது. அல்லது 'உங்கள் வண்டிக்கு அபராதம்' என்று வருகிறது. பெயரின் கடைசியில் புள்ளி வைத்து ஏபிகே என்ற மூன்று எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு போனில் நிறுவப்படும் ஓர் ஆப்.

தொட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். முதலில் 'இந்த மூலத்திலிருந்து ஆப் நிறுவ அனுமதி இல்லை' என்று போன் தடுக்கும், கூடவே செட்டிங்ஸுக்குப் போகும் பொத்தானையும் காட்டும். அவசரத்தில் அதை அழுத்தி அனுமதிக்கிறோம். அடுத்து ஆப் நம்மிடம் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கிறது. அதற்கும் சரி. அந்த நொடியிலிருந்து உங்களுக்கு வரும் ஓடிபி எல்லாம் இன்னொருவனுக்கும் போகிறது. ஐகான்கூடத் திரையில் இருக்காது, மறைந்துகொள்ளும். பத்திரிகை திறக்கவில்லையே என்று நாமும் மறந்துவிடுவோம்.

இதைத் தடுக்க, செட்டிங்ஸில் மேலே உள்ள தேடும் இடத்தில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்று தேடுங்கள். வரும் பட்டியலில் வாட்ஸ்அப், குரோம், டெலிகிராம், ஃபைல்ஸ் எல்லாவற்றுக்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள். ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, ப்ளே ப்ரொடெக்ட் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். எனி டெஸ்க், டீம் வியூவர் மாதிரி திரையைப் பகிரும் ஆப் இருந்து, அதை நீங்கள் வேலைக்குப் பயன்படுத்தவில்லை என்றால் நீக்குங்கள். அந்த ஆப்கள் மோசடி இல்லை. ஆனால் 'வங்கி அதிகாரி' போனில் சொல்லி நிறுவச் சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான்.

படி 5: மெசேஜை எப்படிப் படிப்பது

பல வருடமாகச் சுற்றிவரும் ஒரு மெசேஜை எடுத்துக்கொள்வோம். 'அன்புள்ள நுகர்வோரே, உங்கள் மின்சாரம் இன்று இரவு 9.30 மணிக்குத் துண்டிக்கப்படும். போன மாத பில் அப்டேட் ஆகவில்லை. உடனே மின்வாரிய அதிகாரியைத் தொடர்பு கொள்ளவும்.' கீழே ஒரு மொபைல் எண்.

இரவு 9.30 என்று ஏன் சொல்கிறான்? அந்த நேரத்தில் ஈபி ஆபீஸ் பூட்டியிருக்கும், நேரில் போய்க் கேட்க முடியாது. லைன்மேன் யாரும் பில் பாக்கிக்காக ராத்திரியில் கம்பத்தில் ஏறப்போவதும் இல்லை. 'போன மாத பில்' என்கிறான். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. எழுதியவனுக்கு அது தெரியவில்லை, வேறு ஊருக்குத் தயாரித்ததை இங்கேயும் அனுப்பியிருக்கிறான். உங்கள் சர்வீஸ் நம்பர் எங்கேயும் இல்லை, பெயரும் இல்லை. அந்த எண்ணுக்குப் போன் செய்தால் 'பத்து ரூபாய் மட்டும் கட்டுங்க சார், அப்டேட் ஆயிடும்' என்பார்கள். பத்து ரூபாய் அவர்களுக்குத் தேவையே இல்லை. அதைக் கட்டும்போது நீங்கள் டைப் செய்யும் கார்டு விவரம்தான் வேண்டும்.

சந்தேகம் இருந்தால் மின்வாரிய ஆப்பில் சர்வீஸ் நம்பர் போட்டுப் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மெசேஜில் இருக்கும் எண்ணுக்கு எக்காரணம் கொண்டும் பேச வேண்டாம்.

கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடிக் கிடைக்கும் எண்ணும் அப்படித்தான். வங்கி எண் வேண்டுமா, ஏடிஎம் கார்டின் பின்பக்கம் பாருங்கள், பாஸ்புக்கைப் பாருங்கள்.

லிங்க் வந்தால், தொடக்கத்தில் உள்ள எச்டிடிபிஎஸ், இரட்டைக் கோடு இவற்றைத் தாண்டி, அடுத்து வரும் முதல் சாய்கோட்டைத் தேடுங்கள். அதற்கு ஒட்டி இடப்பக்கம் இருப்பதுதான் உண்மையான முகவரி. அரசு என்றால் அந்த இடத்தில் கவ் டாட் இன் அல்லது நிக் டாட் இன் என்று முடியும். வங்கிகளை பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாறச் சொல்லி ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31 வரை கெடு கொடுத்திருந்தது. 'பரிவாகன் டாட் கவ் டாட் இன் டாட்' என்று தொடங்கி, கடைசியில் வேறு ஏதோ பெயரும் எக்ஸ்ஒய்இசட்டும் வந்தால், முன்னால் இருக்கும் பரிவாகன் (வண்டி, லைசென்ஸ் வேலைகளுக்கான அரசுத் தளத்தின் பெயர்) வெறும் வேஷம்.

படி 6: போனில் மிரட்டினால்

'உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது', 'உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மில் குற்றம் நடந்திருக்கிறது' என்று ஆரம்பிக்கும். பிறகு வீடியோ காலில் யூனிஃபார்ம் போட்ட ஆள், பின்னால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஒரு சுவர். 'நீங்கள் டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறீர்கள், கேமராவை அணைக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது.' இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. போலீஸ், சிபிஐ, அமலாக்கத்துறை யாரும் வீடியோ காலில் கைது செய்ய முடியாது, 'சரிபார்ப்பதற்கு' பணம் அனுப்பச் சொல்லவும் மாட்டார்கள். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுக்கும் அளவுக்கு இந்த மோசடி வளர்ந்துவிட்டது.

மேலே சொன்னதில் கவனிக்க வேண்டியது 'யாரிடமும் சொல்லக் கூடாது' என்ற பகுதி. பக்கத்து அறையில் இருக்கும் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் வீட்டில் இப்போதே ஒரு பேச்சுவார்த்தை நடத்துங்கள். "அம்மா, போலீஸ்னு யார் பேசினாலும் முதல்ல கட் பண்ணிட்டு எனக்குப் போன் போடு. நிஜ போலீஸா இருந்தா கோவிச்சுக்க மாட்டாங்க, வீட்டுக்கு வருவாங்க. நான் திட்ட மாட்டேன்." கடைசி வாக்கியம் முக்கியம். திட்டு விழும் என்ற பயத்தில்தான் நிறையப் பேர் நாள்கணக்கில் மறைக்கிறார்கள், அதற்குள் பிக்சட் டெபாசிட்டையும் உடைத்து அனுப்பிவிடுகிறார்கள்.

குரலை அப்படியே நகலெடுக்க முடிகிற காலம் இது. 'அப்பா, ஆக்சிடெண்ட் ஆயிடுச்சு' என்று மகன் குரலிலேயே அழைப்பு வரலாம். குடும்பத்துக்கென்று ஒரு ரகசியக் கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் பட்டப்பெயர், பழைய வீட்டு நாயின் பெயர் என்று ஃபேஸ்புக்கில் இல்லாத ஏதாவது.

இந்த அழைப்புகளில் பல எங்கிருந்து வருகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். மியான்மரின் மியாவாடி, கம்போடியா, லாவோஸ் பக்கம் இதற்கென்றே வளாகங்கள் நடக்கின்றன. 'தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை' என்று கூட்டிப்போய் அங்கே அடைத்து வைத்து, மோசடி செய்ய வைக்கிறார்கள். 2022இல் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். வெளிநாட்டு வேலை தருகிற ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டுப் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள்.

படி 7: பணம் போய்விட்டது

முதலில் யாரையும் குறை சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள், நேரம் போகிறது. எடுத்த பணத்தை அவர்கள் ஒரு கணக்கிலேயே வைத்திருக்க மாட்டார்கள். அங்கிருந்து பல கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பி, ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். எடுப்பதற்கு முன் அந்தக் கணக்கை நிறுத்த முடிந்தால் பணம் மிஞ்சும்.

போனில் ஏதாவது ஆப் நிறுவியிருந்தால் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு வேறொரு போனை எடுங்கள். சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930க்கு அழையுங்கள். நாடு முழுக்க ஒரே எண், எந்த நேரமும் பேசலாம். லைன் கிடைக்கவில்லை என்றால் விடாமல் முயலுங்கள், பக்கத்தில் இருப்பவர் அதே நேரம் வங்கிக்குப் பேசட்டும்.

அவர்கள் கேட்பது: உங்கள் வங்கி, கணக்கு எண், போன தொகை, தேதி, நேரம், யுபிஐ என்றால் அந்தப் பரிவர்த்தனைக்கான 12 இலக்க யுடிஆர் எண், எதிராளியின் எண் அல்லது யுபிஐ ஐடி. நான்கு தடவையாகப் போயிருந்தால் நான்கு யுடிஆரும் வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அந்தத் தொகையைத் தேட மாட்டார்கள். கதையை முழுதாகச் சொல்ல ஆரம்பிக்காமல் எண்களை முதலில் சொல்லுங்கள். பேசி முடித்ததும் ஒப்புகை எண் எஸ்எம்எஸ்ஸில் வரும். அதை வைத்து 24 மணி நேரத்துக்குள் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் பதியுங்கள். அரட்டையை அழித்துவிடாதீர்கள், எத்தனை அவமானமாக இருந்தாலும் சரி. அதுதான் சாட்சி.

வங்கியிடம் கார்டையும் நெட் பேங்கிங்கையும் யுபிஐயையும் முடக்கச் சொல்லி, புகார் எண் வாங்குங்கள். இங்கே ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதி உங்களுக்குத் துணை. வங்கிமேலும் தவறில்லை, உங்கள்மேலும் தவறில்லை, இடையில் வேறெங்கோ நடந்த திருட்டு என்றால், 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டமே கிடையாது. 4 முதல் 7 வேலை நாள் என்றால் ஒரு வரம்பு வரை உங்கள் பொறுப்பு. நீங்களே ஓடிபி கொடுத்திருந்தாலும், தகவல் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான்.

ஆனால் ஒன்று. நீங்களே பின் போட்டு, நீங்களே அனுப்பிய பணத்துக்கு வங்கி எளிதில் பொறுப்பேற்காது. அங்கே 1930 நிறுத்தி வைக்கும் தொகைதான் பெரிய நம்பிக்கை. அதனால்தான் வரிசையில் அதை முதலில் சொன்னேன்.

படி 8: அதற்குப் பிறகு வரும் அலைச்சல்

மாவட்டத்துக்கு ஒரு சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. பெரும்பாலும் முதலில் புகார் வாங்கியதற்கான சிஎஸ்ஆர் ரசீது தருவார்கள். வாங்கிக்கொண்டு, எஃப்ஐஆர் போட்டார்களா என்று தொடர்ந்து கேளுங்கள். வங்கிக்கு எழுத்தில் கொடுத்து 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (வங்கிப் புகார்களைத் தீர்ப்பவர்) இணையத்திலேயே இலவசமாகப் புகார் செய்யலாம். உதவிக்கு 14448.

எதிராளி கணக்கில் பணம் முடக்கப்பட்டிருப்பதாகத் தெரிந்தால், அது தானாக உங்களிடம் வந்துவிடாது. பொதுவாக மாஜிஸ்திரேட் கோர்ட்டில், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 503ஆவது பிரிவின் கீழ் மனுப் போட வேண்டும். எந்த வங்கியில் எவ்வளவு முடக்கப்பட்டது என்ற விவரத்தை விசாரணை அதிகாரியிடம் வாங்கிக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். மனுவுக்கு அந்த எண்கள் இல்லாமல் வேலை நடக்காது.

கல்லூரிப் பையன்கள் வீட்டில் இருந்தால் இதையும் சொல்லி வையுங்கள்: 'உன் அக்கவுண்ட்டைக் கொஞ்ச நாள் குடு, பத்தாயிரம் தரேன்' என்று யாராவது கேட்டால் அந்தப் பணம் இந்த மாதிரி ஒருவரிடம் பறித்தது. முடங்குவது பையனின் கணக்கு, வழக்கில் முதலில் சிக்குவதும் அவன்தான். அதேபோல் தெரியாத யாரோ உங்கள் கணக்கில் பணம் போட்டுவிட்டு 'தப்பா வந்துடுச்சு அண்ணா, திருப்பி அனுப்புங்க' என்று கெஞ்சினால், மெசேஜை நம்பாமல் முதலில் பேலன்ஸைப் பாருங்கள். உண்மையிலேயே வந்திருந்தால் நீங்களாக அனுப்பாமல் வங்கிக்குச் சொல்லுங்கள், அவர்கள் திருப்பி அனுப்பட்டும்.

சில வாரம் கழித்து இன்னொரு போன் வரும். 'சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, ப்ராசசிங் ஃபீஸ் 4,999 கட்டுங்கள்.' ஏமாந்தவர்களின் பட்டியலும் விற்பனைக்குப் போகிறது, அதை வைத்துக்கொண்டுதான் கூப்பிடுகிறார்கள். 1930க்கும் சைபர் கிரைம் தளத்துக்கும் ஆம்பட்ஸ்மேனுக்கும் கட்டணம் என்று எதுவுமே கிடையாது. போனை வைத்துவிட்டு, அந்த எண்ணையும் பழைய புகாரோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.